யோசேப்பு வாஸ்
யோசேப்பு வாஸ் (21 ஏப்ரல் 1651 – 16 சனவரி 1711), இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் கத்தோலிக்கக் குரு, ஒராட்டரி சபையைச் சேர்ந்தவர், கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களை வெளியேற்றியிருந்த காலத்தில், 1687இல் தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சில்லாலையில் தங்கி, இரவுகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். தமிழும் சிங்களமும் கற்று அம்மொழிகளிலேயே போதித்தார். 1692இல் கண்டி சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது அவர் ஆற்றிய தொண்டே அவரது அறப்பணியின் உச்சம். உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடிய நிலையில், குடிசைகள் அமைத்து, சாதி சமயம் பாராமல் உணவூட்டிப் புண்களைக் கழுவினார். இறந்தோரை அடக்கம் செய்தார். கண்டி அரசில் அவரது மறைப்பணி நிலைத்ததற்கு இத்தொண்டே முதன்மைக் காரணம் எனலாம். 1705இல் அவரது பணியில் வந்து இணைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்கள் இயற்றினார்.

வாஸ் கண்டியில் காலமானார். 1995இல் அருளாளராகவும், 14 சனவரி 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். திருநாள்: சனவரி 16.