வட்டு மறைத்துக்கொண்ட கணக்கு

ஹார்ட் டிஸ்க் இணைப்புகளின் வரலாற்றை வேகப் பட்டியலாகவே சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி வரலாறுதான். தகட்டில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கை யார் வைத்துக்கொள்வது என்பதே அடிப்படைக் கேள்வி. 1980இல் வந்த சீகேட்டின் 5 மெகாபைட் எஸ்டி-506 வட்டு அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. 34 முனைக் கேபிளில் தலையை நகர்த்தும் கட்டளை வரும். தலை படித்த துடிப்புகள் 20 முனைக் கேபிள் வழியே அப்படியே கன்ட்ரோலர் கார்டுக்குப் போகும். அவற்றைப் பிட்டுகளாகப் பிரிப்பது கார்டின் வேலை. அதனால் வேறு தயாரிப்புக் கார்டை மாட்டினால் பல நேரம் வட்டையே அடியிலிருந்து ஃபார்மட் செய்ய வேண்டிவந்தது. இன்னொரு நஷ்டமும் உண்டு. நொடிக்கு 50 லட்சம் பிட் என்று இணைப்பே வேகத்தைக் கட்டிப்போட்டதால், நீளமான வெளித்தடத்திலும் குறுகிய உள்தடத்திலும் ஒரே எண்ணிக்கைதான், பொதுவாக 17 செக்டர்.

1986இல் காம்பேக் கணினிகளில் வந்த ஐடிஇ, கன்ட்ரோலரை வட்டின் மேலேயே ஏற்றியது. துடிப்பு வெளியே போகவேண்டிய அவசியமே போனது. வெளித்தடங்களில் கூடுதல் செக்டர் எழுத வழி திறந்தது. இரண்டே தகடுள்ள வட்டு தனக்கு 16 தலைகள் இருப்பதாகக் கணினியிடம் சொல்லும், கணினியும் நம்பும். இதை ஸ்கஸி என்ற இன்னொரு இணைப்பு முன்பே செய்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஸ்கஸிக்குத் தனி அடாப்டரும் மென்பொருளும் தேவைப்பட்டன. ஐடிஇ, பிசி-ஏடியின் பழைய கன்ட்ரோலரைப் போலவே நடந்துகொண்டதால் பயாஸுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மலிவு அங்கிருந்துதான் வந்தது. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது: 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் என்ற பொய்க் கணக்கு 528 மெகாபைட்டில் முட்டி நின்றது. செக்டர்களுக்கு வரிசை எண் மட்டும் கொடுக்கும் முறைதான் அதை உடைத்தது.

வேகம் முக்கியமில்லையா என்றால், முக்கியமே. ஐடிஇயின் வேகமான வடிவமான அல்ட்ரா டிஎம்ஏ/66க்காக 40 கம்பி கேபிள் 80 கம்பியானது அதனால்தான். ஆனால் அருகருகே ஓடும் கம்பிகளில் பிட்டுகள் ஒரே கணத்தில் வந்து சேரவேண்டும். வேகம் ஏற ஏற அது கடினம். அதனால் 2003 வாக்கில் கடைக்கு வந்த சாட்டா, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, ஏழே முனைகளுக்கு இறங்கியது. நொடிக்கு 150 மெகாபைட் அதன் கணக்கு. அன்றைய தகடுகளால் தொடர்ந்து அந்த வேகத்தில் தரவைத் தரமுடியவில்லை. வேகத்துக்காக மட்டும் என்றால் அந்த அவசரம் ஏன்?

எஸ்எஸ்டி வந்தபோது தடமும் இல்லை, தலையும் இல்லை. ஆனாலும் அதே சாட்டா சாக்கெட்டில் பொருந்தியது. சிப்புகள் சீராகத் தேய்வதற்காக உள்ளிருக்கும் கன்ட்ரோலர் தரவை ஓயாமல் இடம் மாற்றுகிறது. கணினி கேட்பதோ அதே வரிசை எண்ணைத்தான். 2011இல் வந்த என்விஎம்இ ஒற்றை வரிசையில் 32 கட்டளை என்ற பழைய ஏற்பாட்டைக் கைவிட்டு ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு இடம் தந்தது. செக்டரின் அந்த வரிசை எண்ணை மட்டும் அதுவும் தொடவில்லை.