பத்மநாபபுரமும் ஒற்றர் கதையும்

ஒற்றர் கதைகளைச் சுவைக்கும் மனம் மேலைநாட்டுத் திரைப்படங்கள் வந்தபின் தோன்றியதன்று. திருக்குறள் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்து, துறவி வேடம் பூண்டு செல்லும் ஒற்றனையும் அதில் சுட்டுகிறது. அச்சுவையை, வேணாட்டரசர் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தோடு இணைத்து நாவலாக்கியவர் சி. வி. ராமன் பிள்ளை.

அவரது மலையாள நாவலாகிய 'மார்த்தாண்டவர்மா' 1891இல் வெளிவந்தது. அரியணையை நாடும் பத்மநாபன் தம்பியும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் இளவரசரின் உயிருக்கு உலை வைக்கின்றனர். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய அனந்தபத்மநாபன், பித்தனாகவும் பிற வேடங்களிலும் உலவிப் பகைவரின் சூழ்ச்சிகளை அறிந்து இளவரசரைக் காக்கிறான். அப்பித்தன் யாரென வெளிப்படும்வரை படிப்போர் ஆவல் தணிவதில்லை. நாகர்கோவிலைச் சார்ந்த சுந்தர்ராஜ் 1933இல் இதனை ஊமைப்படமாக்கினார். பதிப்புரிமை வழக்கால் அது முடங்கியது. எஞ்சிய படச்சுருள் பின்னாளில் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது.

இதே மண்ணின் வில்லுப்பாட்டு மரபிலுள்ள 'தம்பிமார் கதை'யோ மறுபக்கம் நிற்கிறது. நாவலில் சூழ்ச்சிக்காரராக வரும் தம்பிமார், அங்கே அரசனால் கொல்லப்பட்டுக் கேட்போரின் இரக்கத்துக்கு உரியவராகின்றனர்.

ஒற்றனின் வேடம் நம்மை மகிழ்விப்பது, அவனை ஏவியவர் பக்கம் நாமும் நிற்பதனாலேயாகும். வென்றோர்க்கு மதிநுட்பமாகத் தோன்றுவதே தோற்றோர்க்கு வஞ்சமாகும். ஆகவே 1729 முதல் 1758 வரை ஆண்ட அம்மன்னரின் வரலாற்றை ஆராய்வோர், நாவலின் விறுவிறுப்பில் மயங்கிவிடாது வில்லின் குரலுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.