இரண்டு விரற்கடையும் 99 முழமும்

  

"அறிவியல் வகுப்பிலே பிள்ளைக்கு அறிவு வளர்வது கையால் செய்து பார்ப்பதாலா, கருத்தால் மோதிப் பார்ப்பதாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி என்ன சொன்னாங்க? "பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்து மேலே கலிலியோ ஏறினார். பெரிய குண்டையும் சின்னக் குண்டையும் போட்டார். ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. அரிஸ்டாட்டில் அவுட்!" என்றார்கள். பலத்த கைதட்டல் வேறே. அம்மா, அந்தக் கைதட்டல்ல பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்!

கோபுரத்துக் கதையை எழுதியவர் கலிலியோ இல்லை. அவருடைய கடைசிக் காலத்தில் கூடவே இருந்த சீடர் விவியானி. கலிலியோ பைசாவிலே பாடம் சொன்னது 1589 முதல் 1592 வரை. மறைந்தது 1642-இல். அதற்குப் பிறகு சீடர் எழுதிய வாழ்க்கை வரலாறு அச்சேறியதோ 1717-இல்! வரலாற்று ஆசிரியர்கள் பலர் அந்தக் காட்சியை நம்புவதில்லை.

"அப்போ யாருமே போட்டுப் பார்க்கலையா?" பார்த்தார்கள், நடுவர் அவர்களே. எதிரணிக்கு நானே சாட்சி எடுத்துக் கொடுக்கிறேன், பாவம்! ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நகரத்து ஃபிலோபோனஸ், கனத்துக்கும் வேகத்துக்கும் அரிஸ்டாட்டில் போட்ட கணக்கு அனுபவத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார். ஹாலந்திலே சைமன் ஸ்டெவின் ஈயக்குண்டு இரண்டை எடுத்தார். ஒன்று மற்றதைப்போலப் பத்து மடங்கு கனம். 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகை மேலே போட்டார். கேட்டது ஒரே சத்தம். 1586-லேயே இது புத்தகத்தில் வந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் அரிஸ்டாட்டில் நாற்காலியை விட்டு இறங்கினாரா? இல்லையே! ஏன்? கண் சொல்வது "கிட்டத்தட்ட" என்பதுதான். "கிட்டத்தட்ட" என்று சொன்னால் எந்தப் பண்டிதர் ஒப்புக்கொள்வார்?

இப்போது 1638-க்கு வாருங்கள். பூமி சுற்றுகிறது என்று எழுதியதற்காக 1633-இல் தண்டனை பெற்று வீட்டுக்காவலில் இருக்கிறார் கலிலியோ. கண்பார்வையும் போய்விட்டது. அவர் எழுதியதைச் சொந்த நாட்டிலே அச்சிட வழியில்லை. லெய்டன் நகரத்திலே அச்சாகிறது. அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். பட்டிமன்றமேதான்! சால்வியாத்தி எங்கள் அணி. சிம்ப்ளிசியோ அரிஸ்டாட்டில் அணி. நடுவிலே சக்ரேடோ, நம் நடுவரைப் போலவே நல்ல மனிதர்.

சால்வியாத்தி கேட்கிறார்: "கனமான கல் வேகமாக விழும், லேசான கல் மெதுவாக விழும் என்கிறீர். சரி. பெரிய கல்லின் வேகம் 8, சின்னக் கல்லின் வேகம் 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால்?"

கல்யாணத்துக்கு நடந்து போகிற தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா விறுவிறு என்று நடக்கிறாங்க. ஐயா எதிரே வர்றவங்களிடம் எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே வருகிறார். அம்மா அவர் கையைப் பிடித்தால் என்ன ஆகும்? அம்மா வேகம் குறையும். ஐயா வேகம் கூடும். அப்படியானால் கட்டிய கல் 8-க்குக் குறைவாகத்தான் விழ வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் எடை கூடிவிட்டதே! கனம் கூடினால் வேகம் கூடும் என்று சொன்னவர் நீர்தானே? அப்போது 8-க்கு அதிகமாக அல்லவா விழ வேண்டும்? அதே கல் அதே நேரத்திலே மெதுவாகவும் விழணும், வேகமாகவும் விழணும்!

பார்த்தீர்களா? குண்டும் போடவில்லை, கோபுரமும் ஏறவில்லை. ஒரு கயிறுதான், அதுவும் மனசுக்குள்ளே! அந்தக் கயிற்றிலே அரிஸ்டாட்டில் மாட்டிக்கொண்டார்.

சிம்ப்ளிசியோ விடுவாரா? "சின்னக் கல் மேலே உட்கார்ந்து அழுத்தாதா?" என்கிறார். அதற்கு வந்த பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் ஓடுகிறவனை அதே வேகத்தில் பின்னாலே ஓடிக்கொண்டு ஈட்டியால் குத்த முடியுமா? முடியாது. சேர்ந்து விழும்போது ஒன்றை ஒன்று அழுத்தாது. 1907-இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டீன், விழுகிற மனிதனுக்குத் தன் எடை தெரியாதே என்று யோசித்தார். அந்த ஒரு யோசனை 1915-இல் பொதுச் சார்பியலில் கொண்டுபோய் விட்டது.

அந்த "கிட்டத்தட்ட" இருக்கிறதே, அதற்கும் புத்தகத்தில் பதில் உண்டு. அரிஸ்டாட்டில் கணக்குப்படி, 100 முழ உயரத்திலிருந்து 100 ராத்தல் குண்டு தரையைத் தொடும்போது 1 ராத்தல் குண்டு ஒரு முழம்தான் இறங்கியிருக்கும். உண்மையில் பெரிய குண்டு முந்துவது இரண்டு விரற்கடை. காற்று செய்கிற வேலை அது. என்னுடைய இந்த இரண்டு விரற்கடைக்குப் பின்னால் அரிஸ்டாட்டிலின் 99 முழத்தை ஒளிக்கப் பார்க்கிறீரே என்று கேலி செய்கிறார்!

"வெறும் தர்க்கம் ஆளை ஏமாற்றும்" என்று எதிரணித் தம்பி சொன்னார். கிரேக்கத்து ஜீனோவைச் சாட்சிக்கு அழைத்தார். ஆமை முன்னால் போகிறது. அக்கிலிஸ் ஆமை இருந்த இடத்துக்கு வருவதற்குள் அது கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆகவே பிடிக்கவே முடியாது. இதைக் கேட்ட ஒரு ஞானி எழுந்து நடந்து காட்டினார் என்று ஒரு கதை உண்டு. தம்பி, நடக்க முடியும் என்பது ஆமைக்கே தெரியும்! வாதத்தில் ஓட்டை எங்கே என்பதை நடை காட்டுமா? அரை, கால், அரைக்கால், மாகாணி என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டாது. இதைப் பிசிறில்லாமல் நிறுவப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கணித அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தர்க்கம் போட்ட முடிச்சைத் தர்க்கம்தான் அவிழ்த்தது.

1971 ஆகஸ்ட் 2. அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலாவிலே ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறு இறகும் பிடித்து ஒன்றாக விட்டார். ஒன்றாகவே விழுந்தன. "அது செய்முறைதானே?" என்று அங்கே ஒருவர் துள்ளுகிறார். உட்காருங்க ஐயா! அந்த விடை தவறாக இருந்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கவே முடியாது. பயணக் கணக்கெல்லாம் அதை நம்பிப் போட்டது. சுத்தியலை விடுவதற்கு முன்னாலேயே உயிரை அந்த விடை மேலே வைத்துவிட்டார்!

ஆனால் நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? "ஒரே நேரத்தில் விழும். சரியா, தவறா? ஒரு மதிப்பெண்." "சார், ரெண்டையும் கட்டிப் போட்டா?" என்று ஒரு பிள்ளை எழுந்தால், "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்கிறோம். கலிலியோ கேட்ட அதே கேள்வி நடுவர் அவர்களே! பத்து வயதிலே உட்கார வைத்துவிட்டோம்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. கட்டிய கல் 8-க்கு மேலா, கீழா? சொல்லிவிட்டு அப்புறம் கோபுரம் ஏறுங்கள்.