ஓடிப்போன மாலுமி

இருநூறு வருஷங்களுக்கு முன்னால் செத்துப்போன ஓர் ஏழை மனிதன் எவ்வளவுக்குப் புகையிலை வாங்கினான் என்பதை இன்று நாம் தெரிந்துகொள்ள முடியுமா? நம் ஊர்க் குடியானவன் விஷயத்தில் முடியாது. ஆனால் அந்த மனிதன் இங்கிலாந்து மன்னரின் கப்பற்படையில் கடைநிலை மாலுமியாக இருந்திருந்தால் பெரும்பாலும் முடியும்.

லண்டன் மாநகரின் மேற்குப் புறத்தில், தேம்ஸ் நதிக்கரையில், கியூ என்று ஓர் இடம் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் அங்கேதான். "என் கொள்ளுத்தாத்தா கப்பற்படையில் இருந்தாராம், அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு பல தேசங்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே போகிறார்கள். நம்மவர்கள் பிதுர்க்கடனுக்காகக் கயைக்குப் போவதில்லையா? அதுபோல இதுவும் ஒரு யாத்திரைதான். கையில் எள்ளும் தண்ணீரும் இல்லை, பென்சிலும் காகிதமும்.

யாத்திரிகர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் மூதாதை 1853-க்கு முந்தியவரா, பிந்தியவரா? அந்த வருஷத்தில்தான் மாலுமிகளைப் பத்து வருஷத் தொடர் சேவைக்கு எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அது முதல் சேர்ந்தவனுக்கு ஓர் எண் உண்டு. 1873-ல் தொடங்கும் பதிவேடுகளில் அவன் உயரம், கண்ணின் நிறம், தழும்பு, கையில் பச்சை குத்தியிருந்தால் அது, நடத்தை எப்படி, எந்தெந்தக் கப்பல் என்று எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும்.

1853-க்கு முந்தியவன் கதை வேறு. அவன் கப்பற்படையின் ஆள் அல்ல. ஒரு கப்பலின் ஆள். கப்பல் கணக்கு முடிந்து கலைந்தால் அவனும் கலைந்து போவான். ஆகையால் மனிதனின் பெயரைச் சொல்லிக் கேட்டால் காப்பகம் வாய் திறக்காது. கப்பலின் பெயரைச் சொன்னால்தான் திறக்கும். இதற்கு ஒரு பெரிய விலக்கு, 1805-ஆம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி டிரபால்கரில் சண்டை போட்டவர்கள். அவர்களில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் பாடுபட்டுத் திரட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கப்பல்தான் கதி.

கப்பலின் பெயர் தெரிந்துவிட்டால் கிடைப்பது ஆள் கணக்கு ஏடு. அகலமான தாள், நிறையப் பத்திகள். கப்பலுக்கு வந்த தேதி, உத்தியோகம், 1764-க்குப் பிறகானால் வயதும் பிறந்த ஊரும். அப்புறம் சம்பளத்தில் பிடித்தவை: உடுப்புக்கு இவ்வளவு, புகையிலைக்கு இவ்வளவு, இறந்தவன் துணிக்கு இவ்வளவு. கடலில் ஒருவன் இறந்தால் அவன் துணிமணிகளைப் பாய்மரத்தடியில் ஏலம் விடுவார்கள். எடுத்தவன் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பிடித்து, செத்தவன் குடும்பத்துக்குச் சேர்ப்பார்கள். தோழனின் சட்டையை உடுத்திக்கொண்டு மறுநாள் அதே கயிற்றில் ஏற வேண்டும்.

ஏழையின் மேல் அன்பு வைத்து இதை யாரும் எழுதவில்லை. எத்தனை வாய்க்கு ரொட்டி, எத்தனை பேருக்குச் சம்பளம் என்று அரசாங்கத்துக்குக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்குகளைப் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்ய ஒரு காரியாலயம் இருந்தது. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அதில் குமாஸ்தாவாக இருந்தவர் ஜான் டிக்கன்ஸ். 1812-ல் அங்கே அவருக்குப் பிறந்த பிள்ளைதான் நாம் எல்லோரும் படித்து அழுதிருக்கும் சார்லஸ் டிக்கன்ஸ். ஊரார் சம்பளத்தையெல்லாம் கணக்குப் பார்த்த அந்தத் தகப்பனாருக்குத் தம் வீட்டுக் கணக்கு மட்டும் வசப்படவில்லை. 1824-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். கணக்கு எழுதுகிறவர்களும் மனிதர்கள்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்த ஏடுகளைப் படிப்பது நல்லது.

ஏட்டின் ஓரத்தில் ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறிகள் இருக்கும். 'டி' என்றால் கப்பலை விட்டு அனுப்பப்பட்டான். 'டி டி' என்றால் இறந்தான். 'ஆர்' என்றால் ஓடிப்போனான். ஒரு மனிதனின் கடைசி அத்தியாயம் அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அந்த 'ஆர்' செய்த வேலையைச் சொல்கிறேன்.

பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தம் குடும்பத்தின் ஆதிபுருஷர் ஒரு கப்பல் கேப்டன் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அதற்கு அத்தாட்சியாக வீட்டில் ஒரு பித்தளைப் புகையிலைப் பெட்டி இருந்தது. மூடியில் ஒரு கப்பலின் பெயரை ஆணியால் கீறியிருந்தது. லண்டனில் குடியேறிவிட்ட அண்ணன் மகள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கியூவுக்குப் போனாள். ஏட்டின் நகலும், இந்தியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவின் நகலும் தபாலில் வந்தன. அம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

கேப்டன் ஏட்டில் இல்லை. அதே பெயரில் சாதாரண மாலுமி ஒருவன் இருந்தான். பிறந்த ஊர் பிளிமத். சேர்ந்தபோது வயது இருபத்து மூன்று. புகையிலை தாராளமாக வாங்கியிருந்தான். செத்தவன் துணி ஒரு தடவை எடுத்திருந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு சென்னையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டதாக ஒரு குறிப்பு. அதற்கப்புறம் 'ஆர்'.

"கேப்டன் போய் மாலுமி வந்தான், அதைப் பொறுத்துக்கொண்டேன், சார். இப்போது மாலுமியும் போய் ஓடுகாலி அல்லவா வந்து நிற்கிறான்? பேரப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வேன்?" என்றார் அம்மாள்.

எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். 'ஆர்' என்பது நீதிபதியின் தீர்ப்பு அல்ல. கணக்குப் பிள்ளையின் குறி. பேர் கூப்பிட்டபோது ஆள் இல்லை, வரவும் இல்லை. ஆகையால் சம்பளத்தை நிறுத்து என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் குறியை நீக்கச் சொல்லி மனுச் செய்து நீக்கிக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கு வரவேண்டுமானால் மசூலாப் படகில் ஏறி அலைகளுக்குத் தப்பி வரவேண்டும். நோயாளி கரையில் கிடக்கும்போது கப்பல் கிளம்பிவிட்டால் ஓடிப்போய்ப் பிடிக்க அது பஸ்ஸா, ரயிலா?

ஓடியே போயிருந்தாலும்தான் என்ன? கைதேர்ந்த மாலுமிக்கு மாதச் சம்பளம் இருபத்து நான்கு ஷில்லிங் என்று 1653-ல் வைத்தார்கள். 1797-ல் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் கூட்டமாக வேலைநிறுத்தம் செய்கிற வரையில், நூற்று நாற்பத்து நான்கு வருஷம், அதில் ஒரு காசு கூடவில்லை. அப்புறம் கூடிய சம்பளமும் மாதாமாதம் கைக்கு வராது. தூரதேசம் போன கப்பலில் பெரும்பாகம் பாக்கி நிற்கும். ஓடிப்போனால் பாக்கி அத்தனையும் பறிபோகும். பிடிபட்டால் கசையடி; சட்டப்படி மரண தண்டனைகூட விதிக்கலாம். மூன்று வருஷச் சம்பளத்தையும் முதுகுத் தோலையும் பணயம் வைத்து ஒருவன் இந்தக் கரையில் தங்கினான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும்.

அம்மாள் பேசாமல் இரண்டாவது காகிதத்தை என் பக்கம் தள்ளினார். குழந்தையின் பெயர், தேதி, தகப்பன் பெயர், தொழில் மாலுமி. தாய் என்ற இடத்தில் இரண்டே வார்த்தைகள்: சுதேசி ஸ்திரீ.

"இத்தனை நாளாக இவனையே தேடிக்கொண்டிருந்தேனே, சார். இவனுக்காவது வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, புகையிலைக் கணக்கு இருக்கிறது. இவளை எந்த ஊருக்குப் போய்த் தேடுவது?"

நான் பதில் சொல்லவில்லை. எந்த ஊரிலும் அந்த ஏடு கிடையாது. சென்னையில் பிறந்து சென்னையிலேயே வாழ்ந்திருக்கக் கூடிய ஒரு பெண். கூடை சுமந்தாளோ, துணி வெளுத்தாளோ, ஆஸ்பத்திரியில் கஞ்சி வைத்தாளோ. அவளுக்கு யாரும் சம்பள பாக்கி வைத்திருக்கவில்லை. அதனால் அவளை யாரும் எழுதிவைக்கவும் இல்லை. ஞானஸ்நானம் செய்தவருக்கு அவள் பெயரைக் கேட்டு எழுத அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை அவர் செலவழிக்கவில்லை. அந்தக் காலத்துப் பதிவேடுகளில் இப்படிப் பெயரில்லாத தாய்மார்கள் ஒருவர் இருவர் அல்ல.

இது நம் நாட்டுப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் போர்க் கப்பல்களிலேயே மாலுமிகளின் மனைவிமார் சிலர் இருந்தார்கள். சண்டை நாளில் வெடிமருந்து சுமந்தார்கள். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார்கள். ஆனால் ஆள் கணக்கு ஏட்டில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. பழைய சண்டைகளில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதென்று 1847-ல் தீர்மானித்தபோது, டிரபால்கரில் 'டிபையன்ஸ்' கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட் என்ற அம்மாளும் மனுப் போட்டாள். அவள் அங்கே இருந்தாள் என்பதை அதிகாரிகள் மறுக்கவில்லை. முதலில் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். பிறகு, ஒருத்திக்குக் கொடுத்தால் கணக்கில்லாமல் மனுக்கள் வரும் என்று சொல்லி இல்லை என்றுவிட்டார்கள். ராணியின் ஆட்சியில் நடந்த சங்கதி இது!

குடும்ப சரித்திரம் தேடுகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். கப்பலைக் கண்டுபிடியுங்கள்; ஏட்டைப் பாருங்கள்; ஓரத்துக் குறிகளுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் ஏடு நின்றுவிடும் இடத்தில் நம் குடும்பமும் நின்றுவிட்டதாக எண்ணாதீர்கள். எதை விட்டு ஓடினான் என்பது மட்டுமே குமாஸ்தாவுக்குத் தெரியும். யாரிடம் வந்து சேர்ந்தான் என்பது அவர் பத்திகளில் அடங்காது.

பெரம்பூர் அம்மாள் இப்போது வம்சாவளிப் படம் ஒன்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கேப்டன் என்ற பட்டத்தை அடித்துவிட்டு 'மாலுமி, பிளிமத்' என்று எழுதியிருக்கிறார். பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விடவும் அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பெயரைக் கற்பித்து எழுதவும் மனம் வரவில்லை. 'தாய், சென்னைப் பட்டணம்' என்று எழுதியிருக்கிறார். பேரப் பிள்ளைகள் பெயர் என்ன என்று கேட்கிறார்களாம். யாரும் கேட்டு எழுதவில்லை என்று உள்ளபடியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.