கடிதத்தில் போன கறிவேப்பிலை

கறிவேப்பிலைக்குத் தாவரவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்குள்ளே ஒரு ஜெர்மன் வைத்தியர் குடியிருக்கிறார் என்று சொன்னால் நம்ம வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் விஷயம் உண்மை. 1771-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் அதற்கு 'பெர்கெரா கோனிகீ' என்று பெயர் சூட்டினார். பிறகு வந்தவர்கள் முன்பாதியை 'முர்ராயா' என்று மாற்றினார்கள். இப்போது மறுபடியும் பெர்கெராவுக்கே திரும்பிவிட்டார்கள். பின்பாதி மட்டும் மாறவே இல்லை. அந்த 'கோனிகீ' என்பது யொஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் கடலோரப் பகுதியில் பிறந்து, லின்னேயஸிடம் பாடம் கேட்டு, 1768-இல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்து சேர்ந்தவர். இங்கே பார்த்த செடிகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி, கடிதத்தோடு குருநாதருக்கு அனுப்பிவைத்தார். நம் ரசத்தில் மிதக்கிற இலை உலக அறிவியலுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் இயற்கையை ஆராய்ந்தவர்களுக்கு ஆய்வுக்கூடம், மாநாடு எல்லாம் பெரிதாகக் கிடையாது. அவர்களுக்கு இருந்தது கடிதம். கேள்வி, பதில், காய்ந்த இலை, விதைப் பொட்டலம், பதப்படுத்திய மீன், சங்கு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கடிதம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் போகவேண்டும். ஒரு வழிக்கே ஆறு, எட்டு மாதம். கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்க ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆகும். பதில் வருவதற்குள் கேட்டவர் போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு. இந்தக் கடிதங்களில் ஒரு முனை லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஹாலே, பெர்லின் என்று இருந்தது. மறுமுனை நம்ம ஊர். இந்த முனையில் பேசியது யார் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கதையை நாம் குடியிருக்கும் இந்த நகரத்திலிருந்தே தொடங்கலாம். நான் இருக்கும் சுனாபட்டிக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் எல்லாம் ஊராக உருவெடுக்காத காலம். அப்போது பம்பாய்த் தீவைப் போர்த்துக்கீசிய அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தவர் கார்சியா த ஓர்தா என்ற வைத்தியர். 1534-இல் கோவாவுக்கு வந்தவர். பம்பாயில் அவருக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. இந்தியாவின் மருந்துச் சரக்குகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1563-இல் கோவாவில் அச்சானது. இரண்டு வைத்தியர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்வது போன்ற நடை. மிளகு, ஏலம், இஞ்சி, அபின், மாம்பழம் என்று ஒவ்வொன்றாகப் பேச்சு போகும். தன் பம்பாய்த் தோட்டத்து மாம்பழத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளவும் அவர் தவறவில்லை. அடுத்த ஆண்டே அதன் பிரதி ஒன்று லிஸ்பனில் க்ளூசியஸ் என்ற தாவர அறிஞர் கையில் கிடைத்தது. அவர் 1567-இல் ஆண்ட்வெர்ப்பில் அதை லத்தீனில் சுருக்கி வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க வைத்தியர்கள் படித்தது அந்தச் சுருக்கத்தைத்தான்.

ஓர்தா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1568-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கதரீனாவைக் கோவாவில் மத விசாரணைக்காரர்கள் உயிரோடு எரித்தார்கள். 1580-இல் ஓர்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். அவர் புத்தகம் மட்டும் பிழைத்துக்கொண்டது. அதில் மாலுபா என்ற இந்து வைத்தியர் ஒருவர் பெயரோடு வருகிறார். பெயரோடு வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மரியாதை பின்னால் வந்தவர்களிடம் குறைந்துகொண்டே போனது.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. கொச்சியில் டச்சு கவர்னராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' 1678-இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் 1675 ஏப்ரல் 20-இல் கோலெழுத்தில் எழுதிய சாட்சியம் முதல் பாகத்திலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சாட்சியமும் இருக்கிறது. சொன்னவர்கள் இன்னார் என்று புத்தகமே சொல்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சென்னைப் பட்டணத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், சாமுவேல் பிரௌன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடிகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் என்ன, எந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதினார். கட்டுக்கட்டாக லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றைப் பிரித்து ஆராய்ந்து, 1698-இலும் பிறகு 1700 முதல் 1703 வரையிலும் ராயல் சொசைட்டி இதழில் வரிசையாக வெளியிட்டார். தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில், 'மலபார் பெயர்' என்ற தலைப்பில் வரும். அப்போது ஐரோப்பியர்கள் தமிழரையும் தமிழையும் 'மலபார்' என்றுதான் எழுதுவார்கள். கேரளம் என்று நினைத்துக் குழம்பக் கூடாது. இந்தச் செடிகளில் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்லோன் சேகரிப்பில், இன்றும் இருக்கின்றன. 300 வருஷம் தாண்டிய தமிழ்நாட்டு இலைகள்!

பிரௌனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1693-இல் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் வீலருக்கு அவர் கொடுத்த மருந்தில் பாஷாணம் கலந்துவிட்டது. வீலர் இறந்துபோனார். பாஷாணம் அரைத்த கல்வத்திலேயே மருந்தையும் இடித்ததுதான் காரணமாம். வழக்கு நடந்து பிரௌன் தப்பினார். 1698-இல் அவர் இறந்த பிறகு எட்வர்ட் பல்க்லி என்ற இன்னொரு சர்ஜன் செடி அனுப்பும் வேலையைத் தொடர்ந்தார். இவர்கள் இருவர் பெயரும் நமக்குத் தெரிகிறது, பெட்டிவர் பெயரும் தெரிகிறது. அந்தச் செடியைப் பிடுங்கிக் காட்டி, 'இது இன்ன பூண்டு, இன்னதுக்குக் கேட்கும்' என்று சொன்ன வைத்தியர் யார்? அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

இனி தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். 1709-இல் வந்த அவருடைய கூட்டாளி கிரூண்ட்லர் தமிழ் வைத்தியத்தில் பெரிய ஈடுபாடு கொண்டார். ஓலைச்சுவடிகளைப் படித்தும் விசாரித்தும் 1711-இல் 'மலபார் மருத்துவர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழ் வைத்தியத்தை ஐரோப்பிய மொழி ஒன்றில் தனி நூலாக விளக்க முயன்ற மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று.

இதைவிட எனக்கு வியப்பூட்டுவது அடுத்த ஏற்பாடு. 1712-இலிருந்து 1714 வரை இந்த இரண்டு பாதிரியார்களும் படித்த தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். உங்கள் வைத்தியம் எப்படி? காலக் கணக்கு எப்படி? கல்யாணம் எப்படி? எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பதில்கள் தமிழில் வந்தன. சுமார் நூறு கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு 1714-இலும் 1717-இலும் ஹாலேயில் அச்சாயின. எழுதிய தமிழர்கள் யாரும் குனிந்து நின்று பதில் சொல்லவில்லை. மாட்டுக்கறி தின்பது, குடிப்பது, சுத்தமில்லாமல் இருப்பது என்று ஐரோப்பியரை நேருக்கு நேர் கண்டித்தும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் 300 வருஷத்துக்கு முன்னால்! ஆங்கிலத்தில் டேனியல் ஜெயராஜும் ரிச்சர்ட் யங்கும் மொழிபெயர்த்து 2013-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் அச்சான கடிதங்களில் எழுதியவர் பெயர் இல்லை. பலவற்றை எழுதியவர் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீகன்பால்குவுக்கு ஆரம்பத்தில் உதவி செய்து, அதனால் பெரும் தொல்லைக்கு ஆளானவர் அவர். பெயரை மறைத்தது அவர்களின் பாதுகாப்புக்காகவும் இருக்கலாம், அக்கறைக் குறைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் நஷ்டம் நமக்குத்தான். வைத்தியம் பற்றி எழுதியவர் எந்த ஊர், யாரிடம் படித்தார் என்று தெரிந்திருந்தால் சித்த வைத்திய வரலாற்றில் ஒரு கண்ணி நமக்குக் கிடைத்திருக்கும்.

இந்தத் தரங்கம்பாடிக்குத்தான் அரை நூற்றாண்டு கழித்து கோனிக் வந்தார். மிஷன் சம்பளம் போதாமல் 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குப் போனார். 1778-இல் கம்பெனி வேலைக்கு மாறி, சயாம், மலாக்கா எல்லாம் சுற்றினார். 1785-இல் இறக்கும்போது தன் குறிப்புகளை லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். தஞ்சைப் பகுதிக் கறையான் புற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் அச்சானது. புற்றில் இரண்டு துளை போட்டு, ஒரு துளை வாயில் பானையை வைத்து ஈசலைப் பிடிப்பது, மாவு சேர்த்துப் பலகாரம் செய்வது, ஏழைகளுக்கு அது மலிவாகக் கிடைப்பது எல்லாம் அதில் வருகிறது. ஊர்ப் பக்கம் முதல் மழைக்கு ஈசல் பொரி தின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பெர்லின் பண்டிதர்கள் அதைக் கண்ணை விரித்துக்கொண்டு படித்திருப்பார்கள்.

மீன் கதை இன்னும் சுவாரசியம். கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மார்கஸ் ப்ளாக் என்ற வைத்தியருக்கு அனுப்பிவந்தார். ப்ளாக் தொழிலால் மருத்துவர். ஆனால் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மீன் நூலை எழுதியவர். ஜான் மீனை மட்டும் அனுப்பவில்லை, தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதி அனுப்பினார். பனையேறிக் கெண்டை என்று நாம் சொல்லும் மீனை 1792-இல் ப்ளாக் வெளியிட்டபோது, அதற்குத் தமிழில் 'பனையேறி' என்று பெயர் என்பதும் மரம் ஏறுவது என்ற பொருளும் ஜான் மூலமாகத்தான் போய்ச் சேர்ந்தன.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1791 நவம்பரில், அதே ஊரில் டேனிஷ் லெப்டினன்ட் டால்டார்ஃப், குளத்தங்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்து அடி உயரத்தில் இந்த மீனைத் தன் கையால் பிடித்ததாகச் சொல்கிறார். அவருடைய செய்தி பேங்க்ஸ் வழியாக லண்டன் லின்னியன் சங்கத்துக்குப் போய் 1797-இல் அச்சானது. 'மீன் மரம் ஏறுமா?' என்று ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரக்கிளையில் விட்டிருக்கும் என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். தரையில் அது செவுளை ஊன்றி நடக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்று அதன் அறிவியல் பெயரின் முன்பாதி 'அனபாஸ்'. கிரேக்க மொழியில் ஏறுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பனையேறியின் 'ஏறி'தான் வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழர் பக்கத்திலும் ஒருவர் இந்தக் கடித வட்டத்துக்குள் சொந்தப் பெயரோடு வந்தார். ஆனால் அவர் அரசர். தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி (1777-1832), மராட்டிய வம்சம். நாம் வாழும் மண்ணின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் நம் மண்ணில் ஆண்டார். பாதிரியார் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர். தரங்கம்பாடி ஜானுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து புத்தகங்களும் கருவிகளும் வரவழைத்தார். அவர் காலத்தில் கண் நோயாளிகளின் விவரமும் கண்ணின் வண்ணப் படமுமாக எழுதிவைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அரசராக இருந்ததால் பெயர் நின்றது. அரண்மனை வைத்தியர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

1776-இல் வந்த ராட்லர் பாதிரியார் செடிகளை உலர்த்தி பெர்லின் வரைக்கும் அனுப்பியவர். அவர் சேர்த்த செடிகள் பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அவரேதான் தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்தார். 1834-இல் அதன் முதல் பகுதி சென்னையில் வந்தது. 1836-இல் அவர் இறந்த பிறகு மற்றவர்கள் 1841-இல் முடித்தார்கள். செடி சேர்ப்பதும் சொல் சேர்ப்பதும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும். இரண்டுக்கும் ஊரில் யாரையாவது நிறுத்தி, 'இது என்ன?' என்று கேட்டாகவேண்டும்.

கடைசியாக ஒரு மீன். 1793-இல் ப்ளாக் ஒரு மீன் இனத்துக்கு, அனுப்பியவர் நினைவாக 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். அதிலே ஒரு வகைக்குத் தமிழ்ப் பெயர் கருத்த கத்தாளை. கறுப்பாக இருக்கும் கத்தாளை, அவ்வளவுதான். தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் ஜானிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார், ஜான் எழுதினார், ப்ளாக் முதல் பாதியை அப்படியே பெயராக்கிவிட்டார். உலகத்தின் எந்த மீன் நூலை எடுத்தாலும் அது 'ஜானியஸ் கருத்தா'தான். கத்தாளைக் குடும்பத்து மீன்களை நம்ம பம்பாய் மார்க்கெட்டில் கோளிப் பெண்கள் 'டோமா' என்று கூவி விற்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்த மீனின் லத்தீன் பெயரில் பாதி பாதிரியாருடையது, மீதி பாதி பெயர் தெரியாத ஒரு தரங்கம்பாடி மீனவர் சொன்ன தமிழ்.