டபிள்யூ என்றால் என்ன?

கார் ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் வெயிட் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, விண்டர்! குளிர்காலம்.

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு 1911-லேயே ஆயிலைக் கெட்டித்தன்மைப்படி வகை பிரித்துவிட்டது. ஆனால் ஆயில் ஒரே நிலையில் நிற்பதில்லையே. சூட்டில் நீர்த்துப்போனால் பேரிங்கைக் காக்கும் எண்ணெய்ப் படலம் கிழியும். குளிரில் இறுகினால் என்ஜின் சுற்றவே சுற்றாது. சுற்றினாலும் ஆயில் மேலே ஏறும்வரை இரும்பும் இரும்பும் உரசும். அதனால் அங்கே கார் வைத்திருந்தவர்கள் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று ஆயில் மாற்றினார்கள்.

போர்க்களத்தில் அதற்கு ஏது நேரம்? 1941 டிசம்பரில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையின் வண்டிகளில் ஆயில் இறுகிவிட்டது. என்ஜினுக்கு அடியில் தீ மூட்டி அதை இளக்கினார்கள். பெட்ரோல் வண்டிக்கு அடியில் நெருப்பு!

1950-களில் மல்டிகிரேடு ஆயில் பரவியது. அதில் கலந்த பாலிமர் குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஆயில் அதிகம் நீர்க்காமல் பார்த்துக்கொள்ளும். முதல் எண் குளிருக்கு, அடுத்தது சூட்டுக்கு. பின்னாளில் எரிபொருளை மிச்சம் பிடிக்க 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்கள் வந்தன. அவற்றுக்கென்றே வடிவமைத்த என்ஜினில், கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.