ஹாம் கொண்டுவந்த குப்பி

லேப் டெக்னீசியனாக வேலை பார்த்த காலமெல்லாம் விந்துப் பரிசோதனை ஸ்லைடுகளைப் பார்த்தவள் நான். அந்த வேலை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தால், முதல் ஸ்லைடே ஒரு நோயாளியுடையது.

1677-இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியும் நுண்ணோக்கி ஆராய்ச்சியாளருமான லீவன்ஹூக்கிடம், யோஹான் ஹாம் என்ற மருத்துவ மாணவர் சிறு கண்ணாடிக் குப்பியோடு வந்தார். உள்ளே இருந்தது வெட்டை நோய் கண்ட ஒருவரின் விந்து. அதில் வாலுள்ள உயிர்கள் நெளிவதைப் பார்த்திருந்த ஹாம், நோயால் விந்து அழுகித்தான் அவை உண்டாயின என்று நினைத்தார். நோயாளிக்கு டர்பன்டைன் கொடுத்தபின் அவை செத்துக் கிடந்ததாகவும் சொன்னார். லீவன்ஹூக் தன் சொந்த விந்தையே லென்ஸுக்கு அடியில் வைத்தார். அதிலும் அவை நீந்தின. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போனது. உலகம் விந்தணுவை அறிந்தது. வெட்டைக் கிருமியோ அடுத்த 200 ஆண்டுகளுக்கு யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குள் எத்தனை பெண்களுக்கு மலடிப் பட்டம் கிடைத்திருக்கும்!

அவர்களுக்காகப் பேசியவர் எமில் நோகராத். ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் பார்த்தவர். கல்யாணத்துக்கு முன் வந்த வெட்டை ஆறிவிட்டதாக ஆண்கள் நம்புகிறார்கள், அது உள்ளேயே ஒளிந்திருந்து மனைவியைத் தொற்றி அவளது கருவுறும் திறனைக் கெடுக்கிறது என்று 1872-இல் எழுதினார். 1876-இல் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர்களின் சங்கத்திலும் சொன்னார். சகாக்கள் ஏற்கவில்லை. நோய் ஒருபோதும் தீராது என்பதுபோல அவர் மிகைப்படுத்தியது உண்மைதான். ஆனால் அடிப்படையில் அவர் சொன்னது சரி. 1879-இல் பிரெஸ்லாவில் ஆல்பர்ட் நைசர், சீழில் இரட்டை இரட்டையாக ஒட்டியிருந்த அந்தக் கிருமியைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 24.

வெட்டைக் கிருமி ஆணையும் விடுவதில்லை. விந்தகத்தை ஒட்டிய சுருள்குழாய்வரை ஏறிப் புண்ணாக்கினால், ஆறும்போது தழும்பு வழியை அடைத்துவிடும். ஈ.கோலை என்ற பாக்டீரியா வேறு விதம்: விந்தணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொத்தாகச் சேர்த்து நகரவிடாமல் செய்யும். கிளமீடியா என்ற கிருமியோ பல ஆண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாது.

எங்கள் லேபுக்குப் பெரும்பாலும் மனைவிதான் டப்பாவைப் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவருவார். கணவர் வாசலில் பைக்கை விட்டு இறங்கமாட்டார். ரிப்போர்ட்டில் சீழ் அணுக்கள் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நோகராத் நினைவுதான்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. ஆரோக்கியமாகக் குழந்தை பெற்ற ஆண்களின் விந்திலும் பாக்டீரியா உண்டு. கிருமி இருப்பதாலேயே குறைக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லலாம், கரு தரிக்கும் என்று உறுதி சொல்லாது.

திருமணமாகி ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையென்றால், தம்பிகளே, மனைவியோடு நீங்களும் சோதனைக்கு வாருங்கள். சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, லேப் தரும் சுத்தமான டப்பாவிலேயே கொடுங்கள். இல்லாவிட்டால் தோலிலிருக்கும் கிருமி கல்ச்சரில் வளர்ந்து, தேவையில்லாத மாத்திரையை விழுங்க வேண்டிவரும்.